அல்லிக் குளத்துத் தவளைகள்

வாத்தியத்தை வாசிக்கத் தெரிந்தவர் எல்லாருக்கும் அதைச் செப்பனிடத் தெரிந்திருப்பதில்லை. இக்காலத்தில் கம்ப்யூட்டரும் ஒரு சங்கீதக் கருவியாகிவிட்டது. ஆனால் அதற்காக விற்கப்படும் புரோகிராம்கள் பலவற்றை விலை கொடுத்து வாங்கலாமே தவிர, திறந்து பார்க்க அநுமதி கிடையாது. இதற்கு மாறாக, தம் உட்புறத்தை எல்லாருக்கும் திறந்து வைத்து, "பாருங்கள், திருத்துங்கள், பிறருக்கும் கொடுங்கள்" என்று அழைக்கும் புரோகிராம்களும் உண்டு. அந்த அழைப்பை ஏற்று நாம் பட்ட பாட்டைச் சொல்லவே இவ்வாரம் உத்தேசம்.

நாம் நாடிச் சென்றது 'லிலிபாண்ட்'. பெயருக்கு அல்லிக் குளம் என்று பொருள். ஐரோப்பிய சங்கீதத்தை ஐந்து கோடுகளின் மேல் அச்சிட்டுத் தருவது அதன் தொழில். 1996-ல் ஹான்-வென் நீன்ஹாய்ஸ், யான் நியூவென்ஹாய்ஸன் என்ற ஹாலந்து தேசத்தார் இருவர் இதை ஆரம்பித்தனர். உலோகத் தகட்டில் கையால் செதுக்கி அச்சிட்ட பழைய பிரதிகளின் அழகு கம்ப்யூட்டர் பிரதிகளில் இல்லையே என்பது அவர்களுடைய குறை. இதில் ஸ்வரங்களைப் பொறுக்கிக் கோட்டில் ஒட்டவேண்டியதில்லை. எழுத்துக்களைத் தட்டினால் போதும். 'ஸி' என்பது ஒரு ஸ்வரம். பக்கத்தில் 4 என்று போட்டால் முழு ஸ்வரத்தில் கால் பங்கு நீளம். 8 என்றால் அரைக்கால் பங்கு. எண் போடாவிட்டால் முந்தைய ஸ்வரத்தின் நீளமே தொடரும்.

ஸி++ பாஷையில் நாலு பாடம் படித்த தைரியத்தில், ஒரு நீண்ட பாட்டை இதில் எழுதிப் பார்த்தோம். நடுவே ஓரிடத்தில் தாளக் கோடுகள் எல்லாம் இடம் மாறிப் போயின. "அகப்பட்டது பிழை!" என்று மார் தட்டிக்கொண்டோம். உலகத்துக்கு அறிவிக்குமுன், அறிவிக்கும் முறையைப் படித்தோம். பிழையைக் காட்டப் போதுமான மிகச் சிறிய உதாரணத்தை மட்டுமே அனுப்பவேண்டும் என்று அதில் கண்டிருந்தது. ஆகவே இராத்திரி முழுதும் வரி வரியாக வெட்டினோம். கடைசியில் இரண்டே வரிகள் மிஞ்சின. அவற்றில், 8 என்று எழுதிய ஸ்வரத்துக்கு அடுத்தபடி நாம் போட்டிருக்கவேண்டிய 4-ஐக் காணோம்! தாளம் தப்பினால் எச்சரிக்கும் குறி ஒன்று உண்டு. அதையும் சோம்பலால் இடாமல் விட்டிருந்தோம்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் முழுப் பாட்டையும் அப்படியே அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எங்கோ பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு, இரவில் சம்பளமின்றி இதற்காக உழைக்கும் ஒருவருடைய நேரம் அல்லவா வீணாகியிருக்கும்? பிறர் நேரத்தை மதிப்பதே இந்தக் கலையின் முதல் பாடம் என்று கண்டோம்.

இரண்டாவது பாடம், நாலு பேர் முன்னிலையில் திருத்தப்படுவதற்குக் கூசாதிருப்பது. யார் செய்த மாறுதலானாலும், நூற்றுக்கணக்கான சிறு ஸ்வரப் பிரதிகளை மாறுதலுக்கு முன்னும் பின்னும் அச்சிட்டு ஒப்பிடுகிறார்கள். ஒரு வளைவைத் திருத்தப்போய் வேறோர் இடத்தில் ஒரு புள்ளி நகர்ந்தாலும் வெளிப்பட்டுவிடும். பிறகு சில நாள் எல்லாரும் பார்க்க வைத்து, ஆட்சேபம் இல்லையென்றால்தான் சேர்ப்பார்கள். தேர்ந்தவருக்கும் இதே பரீட்சைதான். ஆகையால் புதியவருக்கு இதில் அவமானம் ஏதுமில்லை.

புரோகிராமின் உட்பகுதி ஸி++, ஸ்கீம் என்ற பாஷைகளில் எழுதப்பட்டது. அவை தெரியாதவருக்கும் வேலை இருக்கிறது. விளக்கப் புஸ்தகத்தில் புரியாத வாக்கியத்தைப் புரியும்படி மாற்றலாம். எது புரியவில்லை என்பது புதியவருக்கல்லவா நன்றாகத் தெரியும்? அறிந்தவர் கண்ணுக்கு அந்த மேடு பள்ளம் எப்போதோ மறைந்துபோயிருக்கும்.

சிறு பிழைகளைத் திருத்த முன்வந்த புதியவர்களுக்கு இந்தக் குளத்தார் 'தவளைகள்' என்றே பெயர் சூட்டியிருந்தார்கள். குளத்துக்கு ஏற்ற பெயர்தான்! குளத்தை வெட்டியவர்கள் என்றென்றும் கரையில் காவல் நிற்க முடியாது. இன்று இரண்டு வரியோடு வந்து விழிக்கும் தவளைகளில் சிலதான் நாளைக்கு அதைத் தூர் வாரவேண்டும். கிணற்றிலேயே இருந்துவிடாமல், நேயர்களில் சங்கீதமும் கம்ப்யூட்டரும் பயில்கிற பிள்ளைகளும் பெண்களும் ஒரு முறை துணிந்து குதித்துப் பார்க்கவேண்டுமென்பது நமது விருப்பம். குதிக்குமுன் 4-ஐப் போட்டோமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.