பொந்து இல்லாவிட்டால் கிளி இல்லை!

கிளி என்றதும் பச்சை நிறம்தான் நினைவுக்கு வரும். நாஞ்சில் நாட்டு வயல்களில் கதிர் முற்றும்போது கூட்டமாக வந்து இறங்குவது அந்தப் பச்சைக் கிளிதான்.

ஆனால் அதே கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னொரு கிளியும் இருக்கிறது. மலைக்காடுதான் அதன் ஊர். நீலச் சிறகுக் கிளி என்றும், மலபார் கிளி என்றும் அதற்குப் பெயர்.

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறு எங்கும் இந்தக் கிளி கிடையாது! மகாராஷ்டிரத்தில் தொடங்கும் அதன் எல்லை, குமரி மாவட்டத்து மலைகளோடு முடிந்துவிடுகிறது.

அழகில் பச்சைக் கிளி இதனிடம் தோற்றுப்போகும். தலையும் மார்பும் முதுகும் புறாவைப் போல் சாம்பல் நிறம். சிறகு நீலம். நீண்ட நீல வால், நுனியில் மஞ்சளாக முடியும். ஆண் கிளிக்கு மூக்கு சிவப்பு. கழுத்தில் கறுப்பு வளையத்தை ஒட்டி நீலப்பச்சை வளையமும் உண்டு. பெண் கிளிக்கு அந்த இரண்டாவது வளையம் இல்லை. மூக்கும் கறுப்பு.

அத்திப்பழம், விதைகள், பூந்தேன் இவைதான் ஆகாரம். தோட்டத்துப் பழத்திலும் வாய் வைக்கும். தோட்டக்காரருக்குக் கோபம் வருவதில் தவறில்லை.

கிளிக்குக் கஷ்டம் வீட்டில்தான். அது கூடு கட்டுவதில்லை. உயர்ந்த மரத்தில், மரங்கொத்தி குடைந்து விட்டுப்போன பழைய பொந்தைத் தேடிப் பிடிக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை அதில் முட்டையிடுகிறது. பெரும்பாலும் நான்கு முட்டை.

பொந்து விழும் மரம் வயதான மரம். அல்லது பட்டுப்போன மரம். மனிதர் கண்ணுக்கு அது விறகு! இளமரம் நட்டால் நிழல் வரும்; பொந்து வரப் பல ஆண்டு ஆகும்.

குஞ்சு பிடிப்பவர்களோ சில சமயம் பொந்தையே பிளந்துவிடுகிறார்கள். நம் நாட்டுக் கிளி எதையும் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2024 ஏப்ரலில் கடலூர்ப் பக்கம் கிளி ஜோசியர்களை வனத்துறையினர் பிடித்ததும் இதனால்தான். ஆனால், ஜோசியரைப் பிடித்தால் போதுமா? காசு கொடுத்துக் குஞ்சு வாங்கும் வீடுகள் இருக்கும்வரை, பிடிப்பவரும் இருப்பார்.

குமரி மாவட்டக் காட்டில் பெரும் பகுதி வனவிலங்குச் சரணாலயம். அங்கே மரத்துக்குக் காவல் உண்டு. காட்டை ஒட்டிய தோட்டங்களில் கோடாரி சொந்தக்காரர் கையில் இருக்கிறது. அவர்கள் பட்ட மரத்தை வெட்டுமுன் அண்ணாந்து பார்க்க வேண்டும். பொந்து இருந்தால் அந்த ஒரு மரத்தை விட்டுவைக்கலாம். முடியாதென்றால், குஞ்சுகள் பறந்து போகும் வரையாவது கோடாரி காத்திருக்கட்டும்.