அலைநீளத்தைப் பிடித்து நிறுத்துவது

ஹீலியம்-நியான் லேசரின் சிவப்பு ஒளிக்கு அலைநீளம் 633 நானோமீட்டர் என்று எழுதிவிடுகிறோம். நியான் அணு அதைத் தோராயமாகத்தான் வரையறுக்கிறது. சுமார் 1,500 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டை ஒன்றை அது அனுமதிக்கிறது. அதற்குள் எந்த அதிர்வெண் ஒளிரும் என்பது குழாயின் இரு முனைகளிலுள்ள ஆடிகளின் இடைவெளியைப் பொறுத்தது. அந்த இடைவெளியோ வெறும் கண்ணாடியின் நீளம். 30 செ.மீ. குழாய் ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர் நீளும். அதில் மூன்றில் ஒரு பங்கு நீண்டாலே ஒரு மோடு (அதாவது ஆடிகளின் இடைவெளிக்குப் பொருந்தி ஒளிரும் அதிர்வெண்) நகர்ந்து அடுத்த மோடின் இடத்துக்கு வந்துவிடும்.

அடுத்தடுத்த மோடுகள் பல குழாய்களில் ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களில் அதிர்கின்றன. சுவிட்சைப் போட்ட புதிதில் போலராய்டு தகட்டின் வழியே பார்த்தால், குழாய் சூடேற ஏற, ஒளி மங்குவதும் கூடுவதும் கண்ணுக்கே தெரியும். தீர்வும் இதிலேயே கிடைக்கிறது. இரு மோடுகளையும் பிரித்து, இரண்டு ஒளி உணரிகளில் விழச் செய்து, இரண்டின் செறிவும் சமமாக இருக்கும்படி குழாயைச் சுற்றிய வெப்பச் சுருளின் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்தால் போதும். மலிவான, கெட்டிக்கார ஏற்பாடு. ஆனால் இதற்கு ஆதாரம் அந்த நியான் பட்டையேதான்; வாயு அழுத்தம் ஆண்டுக்கணக்கில் மாறும்போது பட்டையின் நடுவும் மெல்ல நகர்கிறது.

அசையாத ஆதாரம் வேண்டுமென்றால் வேறொரு மூலக்கூறிடம் போக வேண்டும். ஆடிகளுக்கு நடுவே அயோடின் ஆவிக் குப்பியை வைத்து, அதன் குளிர்முனையை 15 டிகிரியில் நிறுத்தி, அயோடினின் நுண்ணிய உட்கவர் கோடு ஒன்றோடு லேசரை, ஆடியை நகர்த்தும் பீசோ படிகத்தால் பூட்டுகிறார்கள். அப்போது வெற்றிடத்தில் அலைநீளம் 632.99121258 நானோமீட்டர். 1983இல் மீட்டரை ஒளியின் வேகத்தைக் கொண்டு வரையறுத்த பின், அந்த வரையறையை ஆய்வகத்தில் நிகழ்த்திக் காட்டப் பரவலாகக் கைக்கொண்ட கருவி இதுதான். மற்ற லேசர்களை இதனோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள்.

லேசரால் நீளம் அளக்கும் தொழிற்பட்டறைக்கு இத்தனை துல்லியம் தேவையா என்பது வேறு கேள்வி. எந்த நிலைப்படுத்தலும் இல்லாத ஹீலியம்-நியான் லேசரே பத்து லட்சத்தில் ஒன்றரைப் பங்குக்குள் நம்பத்தக்கது. அறைக் காற்று ஒரு டிகிரி மாறினால் காற்றிலுள்ள அலைநீளம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறிவிடுகிறது. அளக்கப்படும் எஃகுத் துண்டோ அதே ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் பதினொரு பங்குக்கு மேல் விரிகிறது. அங்கே முதல் செலவு நல்ல வெப்பமானிக்குப் போவதே நியாயம்.