கறுக்கும் குப்பி

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம், வந்து போனது. அதையொட்டிக் கண்ணில் பட்டதெல்லாம் சுத்திகரிப்பு இயந்திர விளம்பரங்கள்தான். வெயில் ஏறும்போது இந்த வியாபாரமும் சூடுபிடிப்பது வழக்கம். உங்கள் வீட்டுத் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவு) எவ்வளவு என்ற மிரட்டலோடுதான் விளம்பரம் தொடங்குகிறது. பேனா அளவில் ஒரு மீட்டரைத் தம்ளருக்குள் விடுகிறார்கள். ஓர் எண் வருகிறது. எண் பெரிதாக இருந்தால் குழந்தைகளின் உடல்நலத்துக்கே ஆபத்து என்கிறார்கள். டிடிஎஸ் மீட்டர் மீது எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. குடிக்கத் தகுந்த தண்ணீர் எது என்று தீர்மானிக்கும் வேலையை, அதற்குச் சற்றும் தகுதியில்லாத ஒரு கருவியிடம் நாம் ஒப்படைத்திருக்கிறோம்.

அந்த மீட்டர் அளப்பது தண்ணீரின் மின்கடத்து திறனை மட்டுமே. கரைந்த உப்புகள் கூடினால் மின்சாரம் எளிதாகப் பாயும். அதை வைத்து லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஒரு கணக்கைக் காட்டுகிறது. கரைந்திருப்பது கால்சியமா, சமையல் உப்பா, நைட்ரேட்டா என்று அதற்குத் தெரியாது. ஆர்சனிக்குக்கு இந்தியக் குடிநீர்த் தரம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப்போலப் பத்து மடங்கு நஞ்சு இருந்தாலும் மீட்டரின் எண்ணில் ஒன்றுகூட ஏறாது. கிருமியோ கரைந்த உப்பே அல்ல. ஆகவே காலராக் கிருமி நீந்தும் தண்ணீர் 80 என்று காட்டலாம். ஒரு குறையும் இல்லாத கிணற்று நீர் 700 என்று காட்டலாம். ஐ.எஸ். 10500 என்ற நம் தர நிர்ணயம் 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. 500க்குக் கீழே உள்ள தண்ணீருக்கு, சவ்வு வழியே உப்பை வடிகட்டும் ஆர்ஓ இயந்திரம் தேவையில்லை, அங்கே அதைத் தடைசெய்ய வழி காண வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் உத்தரவிட்டதும் இதனால்தான். கிருமியைப் பற்றிய கேள்விக்கு உப்பின் அளவு பதிலாகாது.

மீட்டருக்கும் மசியாத வீடுகளில் இரண்டாவது வித்தையைக் காட்டுவார்கள். ஒரு தம்ளரில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் இயந்திரத்தில் வடிந்த தண்ணீர். உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரம் கொடுத்தால், சற்று நேரத்தில் குழாய்த் தண்ணீர் மஞ்சளாகிப் பச்சையாகிப் பழுப்பு நிறச் சேறாகத் திரண்டு நிற்கும். மற்றது தெளிவாகவே இருக்கும். இதைத்தானா இத்தனை நாள் குடித்தோம் என்று வீட்டிலிருப்பவர்கள் பதறுவார்கள். அந்தச் சேறு தண்ணீரில் இருந்ததே அல்ல. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாய்வதால் கம்பியின் இரும்பு கரைந்து, இரும்பு ஹைட்ராக்சைடாகித் திரள்கிறது. உப்பு நீக்கிய தண்ணீரில் மின்சாரம் பாயாததால் கம்பி கரைவதில்லை. அந்தத் தெளிவான தம்ளரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி கருவியை இறக்கச் சொல்லுங்கள், அதுவும் சேறாகும். பள்ளிக்கூட வேதியியலைக் கொண்டு பயத்தை விற்கிறார்கள்.

விளம்பரங்களை இத்துடன் விட்டுவிடலாம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு குப்பியைப் பற்றி நெடுநாளாக எழுத நினைத்திருந்தேன். தண்ணீரைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியைக் கேட்கிற குப்பி அது. இதில் மலம் கலந்திருக்கிறதா? காலரா, டைபாய்டு, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை எல்லாம் வருகிற வழி அதுதான். 1982இல் குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகத்தைச் சேர்ந்த மாஞ்சா, மௌரியா, ராவ் என்ற மூவர், உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். பெப்டோன், தயோசல்பேட், இரும்புச் சத்துள்ள ஓர் உப்பு ஆகியவற்றில் தோய்த்து உலர்த்திய காகிதத் துண்டு குப்பிக்குள் இருக்கும். கோடு வரை தண்ணீர் பிடித்து, மூடி, ஓரமாக வைத்துவிட வேண்டியதுதான். மலத்தோடு வரும் நுண்ணுயிர்களில் பல, தயோசல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். அது இரும்போடு சேர்ந்ததும் தண்ணீர் மையைப் போலக் கறுத்துவிடும். ஒன்றிரண்டு நாளில் முடிவு தெரியும். நம் ஊர் வெயிலில் இதற்கென்று சூட்டுப்பெட்டிகூட வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதன் முடிவைப் படித்துவிடலாம். நம் நாட்டு அறிவியலாளர்கள் நம் நாட்டு வீடுகளை மனத்தில் வைத்துச் செய்த இந்தக் காரியத்தை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

குப்பியின் அருமை, அதை எங்கே வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கலாம் என்பதில் இருக்கிறது. நீரேற்று நிலையத்தில் சுத்தமாக இருந்த தண்ணீர் தம்ளருக்கு வரும்போதும் சுத்தமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நம் ஊர்களில் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வருகிறது. குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில், விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே புகுந்துவிடும். மறுநாள் தண்ணீர் திறந்ததும் அதுவே முதலில் வரும். அடுத்து, மூடி சரியாக இல்லாத தரைத்தொட்டி, வருடக்கணக்கில் கழுவாத மேல்நிலைத் தொட்டி. கடைசியாக, குடத்துக்குள் விரல் படத் தம்ளரை விட்டு மொள்ளும் பழக்கம். கொல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் நடந்த ஓர் ஆய்வு 1986இல் வெளியானது. சில வீடுகளுக்குக் குளோரின் கொடுத்தார்கள். சில வீடுகளுக்குக் கழுத்துக் குறுகிய சொராய் என்ற மண்கூஜாவைக் கொடுத்தார்கள். இரண்டு வகை வீடுகளிலும் காலராத் தொற்று வெகுவாகக் குறைந்தது. கை உள்ளே போக முடியாத ஒரு பாத்திரமே மருந்தின் வேலையைச் செய்தது. குழாயடியில் ஒன்று, தொட்டியில் ஒன்று, குடத்தில் ஒன்று என்று மூன்று குப்பிகளை வைத்தால் கெடுதல் எந்த இடத்தில் நுழைகிறது என்று தெரிந்துவிடும். எந்த மீட்டரும் இதைச் சொல்லாது.

இந்தச் சோதனையை நம்பலாமா என்று விவரமறிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. உலக சுகாதார நிறுவனத்துக்காக 2002இல் செய்யப்பட்ட மதிப்பீடே எச்சரிக்கிறது. இயற்கையாகக் கந்தக வாயு உள்ள நிலத்தடி நீரில் மலக்கலப்பு இல்லாமலேயே குப்பி கறுக்கலாம். கறுக்காத தண்ணீரிலும் வைரஸ் இருக்கலாம். ஆகவே இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளாமல் முதல் எச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும். கறுத்தால் அன்றே காய்ச்சிக் குடிக்கத் தொடங்குங்கள். நன்றாகத் தளதளவென்று கொதி வந்தால் போதும், மூடிவைத்து ஆறவிட்டுக் குடிக்கலாம். கூடவே, மலக்கலப்பைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா உண்டா என்று பார்க்க ஆய்வகத்தில் சோதனைக்குக் கொடுங்கள். 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது குடிநீர்த் தர நிர்ணயம் சொல்லும் அளவு. கறுத்த குப்பிக்குள் கிருமி பெருகியிருக்கும் என்பதால், பிளீச்சிங் கரைசல் ஊற்றிய பிறகே அதைக் கொட்ட வேண்டும்.

கிருமி மட்டும்தானா ஆபத்து, ஃபுளோரைடு இல்லையா என்பது அடுத்த கேள்வி. இருக்கிறது, நம் நாட்டில் அது வெகுநாளைக்கு முன்பே கண்டறியப்பட்டது. கிண்டி கிங் நிலையத்து ஆய்வாளர்கள்தான் 1937இல் நெல்லூர் மாவட்டத்து மக்களின் எலும்பையும் பல்லையும் கெடுத்தது குடிநீரிலிருந்த ஃபுளோரைடு என்று எழுதினார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் இன்றும் அது உண்டு. காய்ச்சினால் அது போகாது; ஆர்ஓ பயன்படும் இடம் அது. ஆனால் அங்கும் டிடிஎஸ் எண் உதவாது, ஃபுளோரைடைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும். அந்த மக்களுக்குப் பெரிய அளவில் விடிவு தேடித்தந்ததும் தனித்தனி இயந்திரங்கள் அல்ல, 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்தான். கெட்ட நீரை வீடு வீடாக வடிகட்டுவதற்குப் பதிலாக, நல்ல ஆற்றுநீரை ஊர் முழுவதற்கும் கொண்டுவந்தார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, ஓர் இயந்திரம் வாங்கினால் கிருமியும் போய்விடுமே என்பவர்களுக்கும் பதில் உண்டு. நல்ல நிலையில் உள்ள ஆர்ஓ சவ்வு கிருமியையும் தடுக்கும். ஆனால் வடிந்த தண்ணீரில் குளோரின் இல்லாததால், பிறகு சேமிக்கும் இடத்தில் கிருமி புகுந்தால் அதைக் கொல்ல எதுவும் இல்லை. இயந்திரம் கழிவாகத் தள்ளும் நீரோ ஏராளம். எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்க முடிந்தவர்கள் இயந்திரத்துக்கும் கேனுக்கும் ஒதுங்கிவிட்டால், குழாய்த் தண்ணீருக்காகக் குரல் கொடுக்க வசதியற்றவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். இன்னும் சிலர், குழாய்த் தண்ணீரின் குளோரின் வாடை பிடிக்கவில்லை, அது புற்றுநோய் தரும் என்கிறார்கள். குளோரினால் உண்டாகும் துணைப்பொருள்களின் ஆபத்து, கிருமி நீக்காத நீரின் ஆபத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். லேசான அந்த வாடை, தொட்டி ஆபரேட்டர் அன்று தன் வேலையைச் செய்திருக்கிறார் என்பதற்கான சான்று.

இந்தக் குப்பி எங்கோ ஆய்வகத்தில் பூட்டிக் கிடக்கும் பொருள் அல்ல. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு, குப்பிச் சோதனையும் அடங்கிய களச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வேண்டும் என்பது விதி. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் தண்ணீரைச் சோதிக்கலாம். மே 1 போன்ற நாள்களில் கிராம சபை கூடும். அங்கே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். நம் ஊரில் கடைசியாகக் குப்பிச் சோதனை எப்போது நடந்தது, எத்தனை கறுத்தன? குழாய் முனையில் குளோரின் எவ்வளவு இருந்தது? முடிவுகளை மாதந்தோறும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவைக்கத் தீர்மானம் போடுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் இதையே வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். இயந்திரம் வாங்குவதா வேண்டாமா என்பதைப் பதில் வந்த பிறகு முடிவு செய்யலாம்.