சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ரூம் கொடுங்கள்



போன வாரம் காலை நடை முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கூட வரும் நண்பர் ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏனுங்க, குடிக்கறவங்களுக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுக்கற மருந்து ஏதோ இருக்குதாமே, உங்களுக்குத் தெரியுமுங்களா?" மாப்பிள்ளைக்காகக் கேட்கிறார். மகள் இரண்டு குழந்தைகளோடு வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது.

"அந்த வேலையே வேண்டாமுங்க" என்றேன். அப்படி விற்கிற பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது. டைசல்பிராம் என்று ஒரு மாத்திரை உண்டு. டாக்டர்கள் அதை நோயாளியிடம் விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் கொடுப்பார்கள். விஷயம் தெரியாதவன் அதன் மேல் குடித்தால் வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் இறங்கும். உயிரே போகலாம்.

"அப்ப வேற என்னதாங்க பண்றது?" என்றார்.

அந்தக் கேள்விக்கான பதிலை ஆறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் என் எதிரில் வந்து உட்கார்ந்து சொன்னார். நான் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இதுவரை யாரிடமும் சொல்லாத அந்தக் கதையை இன்று எழுதுகிறேன்.

பனியன் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு எழுதியவன் நான். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போடுவதும் என் வேலை. கையெழுத்து வாங்கிக் கவரைக் கொடுக்கும்போதே திங்கட்கிழமை யார் யார் வரமாட்டார்கள் என்று என்னால் சொல்லிவிட முடியும். அந்தப் பட்டியலில் ஒரு கட்டிங் மாஸ்டர் இருந்தார். நல்ல வேலைக்காரர். கை நடுங்க ஆரம்பித்ததும் கட்டிங் மெஷின் பக்கம் விடாமல் செக்கிங் டேபிளுக்கு மாற்றினார்கள். அப்புறம் அதுவும் போயிற்று.

நான் ஓய்வு பெற்று, காதர்பேட்டையில் ஒரு சங்கத்துக்கு வரவு செலவு பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் ஒருநாள் அவர் வந்தார். சட்டை சுத்தமாக இருந்தது, கை நடுங்கவில்லை. "ஏழு மாசமா தொடறதில்லீங்க" என்றார். கோயமுத்தூரில் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகிறாராம். ஆனால் சம்பளம் வாங்கி பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் முடிந்துவிடுகிறது. "சனிக்கிழமை சாயங்காலந்தானுங்க எங்களுக்கு ஆபத்து. உங்க சங்கத்து ஹாலை ஒன்றரை மணி நேரம் குடுத்தீங்கன்னா இங்கயே பத்துப் பேர் உக்காந்து பேசிக்குவோம். சும்மா வேண்டாம், வாடகை குடுத்தர்றோம்" என்றார்.

நான் சொன்ன பதில் இது: "குடிகாரங்க கூடறதுக்கெல்லாம் ஹால் குடுத்தா சங்கத்துப் பேர் என்னாகுறது தம்பி?"

அவர் கோபப்படவில்லை. "சரிங்கண்ணா" என்று சொல்லி எழுந்து போனார். அதே ஹாலில்தான் மதுவிலக்குக் கருத்தரங்கம் நடத்தினோம். அதே கட்டடத்து மொட்டை மாடியில்தான் ஆண்டு விழா முடிந்ததும் நம் ஆட்களே பாட்டில் திறந்தார்கள். அப்போதெல்லாம் சங்கத்தின் பேர் கெடவில்லை! குடிப்பவர்களுக்குத் திறந்த கதவை, குடியை விட வந்தவருக்கு நான் சாத்தினேன்.

அவர் கேட்ட கூட்டம் என்னவென்று பிறகுதான் விசாரித்தேன். ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் ஆரம்பித்தது. வியாபாரம் தோற்று வெளியூரில் தனியாக நின்ற பில் வில்சன் என்ற பங்குத் தரகருக்குக் குடிக்க வேண்டும் போல் இருந்தது. குடிப்பதற்குப் பதில் டெலிபோனை எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித், அறுவை சிகிச்சை டாக்டர். டாக்டராலேயே தன் குடியை நிறுத்த முடியவில்லை. இருவரும் பேசினார்கள், இருவரும் பிழைத்தார்கள். இந்தியாவுக்கு இது 1957-லேயே வந்துவிட்டது. கட்டணம் கிடையாது. பேரும் ஊரும் வெளியே போகாது. குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி. வெளியார் நன்கொடையை வாங்குவதில்லை என்பது அவர்கள் கொள்கை. வாடகை தருகிறோம் என்று அவர் ஏன் சொன்னார் என்பது அப்போதுதான் புரிந்தது.

இது அந்நிய நாட்டுச் சமாச்சாரம், நமக்கு ஒத்துவராது என்பவர்களுக்கு ஒரு கேள்வி. சபரிமலைக்கு மாலை போட்டவன் நாற்பத்தோரு நாள் தொடாமல் இருக்கிறானே, எப்படி? பக்தி மட்டுமா? காலையும் மாலையும் கூட நாலு சாமிகள் இருக்கிறார்கள். தானே பல வருஷம் விரதம் இருந்து பழகிய குருசாமி இருக்கிறார். மாலையைக் கழற்றிய அன்றே கூட்டம் கலைகிறது. அடுத்த சனிக்கிழமை அவன் தனி ஆள். அந்தத் துணையை வருஷம் முழுக்க வைத்துக்கொள்வதுதான் இது.

"செலவு பண்ணி சென்டர்ல சேர்த்தோம், வந்து மறுபடியும் குடிச்சுட்டான்" என்று சலித்துக்கொள்கிறோம். அங்கே உடம்பிலிருந்து சாராயத்தை இறக்கி அனுப்புகிறார்கள். வெளியே வந்தால் அதே தெரு, அதே கூட்டாளி, அதே சம்பளக் கவர். அதற்குப் பிறகு யார் துணை? 2020-ல் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேர் விவரங்களோடு சேர்த்துப் பார்த்தது. அடியோடு குடிக்காமல் இருக்கும் விஷயத்தில், ஆட்களை ஏ.ஏ.வோடு முறையாகச் சேர்த்துவிடும் சிகிச்சை மற்ற சிகிச்சைகளைவிட மேல் என்று தெரிந்தது.

"கடையை மூடினால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது அடுத்த வாதம். மூடச் சொல்லிப் போராடுங்கள், நானும் வருகிறேன். 2017-ல் நம் மாவட்டத்துச் சாமளாபுரத்தில் கடை வேண்டாம் என்று மறியல் செய்த பெண் போலீஸ் அதிகாரியின் கையால் அறை வாங்கியதைத் தமிழ்நாடே பார்த்தது. அந்தப் பெண்களின் போராட்டம் நியாயமானது. ஆனால் கடையை மூடினாலும் ஏற்கெனவே நோய் பிடித்தவன் நோயாளிதான். போராட்டம் வெல்லும் வரை அவன் காத்திருக்க மாட்டான்.

நம் மாநிலத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையை ஆரம்பித்தார். 1989 முதல் மஞ்சக்குடி கிராமத்தில் ஊர்க்காரர்களின் ஒத்துழைப்போடு சிகிச்சை முகாமும் நடத்தினார்கள். ஒரு கிராமத்தால் முடிந்தது நம் ஊரால் முடியாதா? எத்தனை சங்கக் கட்டடம், எத்தனை கல்யாண மண்டபம், எத்தனை கோயில் கமிட்டி! பூட்டிக் கிடக்கும் ஹால்களின் சாவி நம்மைப் போன்ற கிழவர்கள் இடுப்பில்தானே தொங்குகிறது?

ஏ.ஏ. எல்லாருக்கும் சரிப்படும் என்று சொல்லவில்லை. அதில் கடவுள் பேச்சு உண்டு. "அவரவர் புரிந்துகொண்ட கடவுள்" என்கிறார்கள். பிடிக்காதவர்கள் வேறு குழு வைத்துக்கொள்ளட்டும். அவர்களுக்கும் ஒரு ரூம் வேண்டுமே.

வீட்டில் யாருக்காவது தேவை என்றால் சில விஷயங்கள். தினமும் குடிப்பவரைத் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் வரலாம். முதலில் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு டாக்டரைப் பாருங்கள். பக்கத்தில் எங்கே கூட்டம் நடக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். 14446 என்ற அரசின் இலவச எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது. மாப்பிள்ளை வராவிட்டாலும் மகள் போகலாம். இதையெல்லாம் நண்பரிடம் எழுதிக் கொடுத்தேன்.

அந்தக் கட்டிங் மாஸ்டர் அடுத்த வருஷம் ரத்த வாந்தி எடுத்து இறந்துபோனார். ஹால் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. பி.எஃப். பாரம் பூர்த்தி செய்ய அவர் மனைவி என்னிடம்தான் வந்தார். பழைய கணக்குப்பிள்ளை, நல்ல மனுஷன் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பூர்த்தி செய்து கொடுத்தேன். அவர் ஹால் கேட்டு வந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சங்கத்துப் புது நிர்வாகிகளிடம் இந்த மாதம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். "பார்க்கலாமுங்க" என்றிருக்கிறார்கள். விடுவதாக இல்லை. உங்களில் யாரிடமாவது ஒரு ஹாலின் சாவி இருந்தால், சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் திறந்து வையுங்கள். வாடகை தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.