ஊசி போட்டும் சளிக்காய்ச்சல் வருகிறதே, ஏன்?

செர்காம் – கடந்த 2025 அக்டோபரில் நாடு முழுவதும் சுமார் 6,000 மாணவர்கள் இன்ஃபுளுவென்சா சளிக்காய்ச்சலால் பாதிக்கப்பட்டனர். சில பள்ளிகள் தற்காலிகமாக மூடப்பட்டன. ஒரே வாரத்தில் தொற்றுத் திரள்கள் 14-லிருந்து 97-ஆக உயர்ந்ததாகச் சுகாதார அமைச்சு தெரிவித்தது.

“ஊசி போட்டவருக்கும் காய்ச்சல் வருகிறதே, பிறகு எதற்கு ஊசி?” என்ற பேச்சு செர்காம், மெர்லிமாவ், ஜாசின் என எங்கும் கேட்கக்கூடியதுதான். கேள்வி நியாயமானது. அதற்கான பதில் நம் மூக்கில் இருக்கிறது.

கிருமி முதலில் நுழைவது மூக்கு, தொண்டை வழியாக. அங்கே சளிப்படலத்தில் ஐஜிஏ எனும் எதிர்ப்பொருள் காவல் நிற்கிறது. கையில் போடும் ஊசியோ பெரும்பாலும் இரத்தத்தில் ஐஜிஜி எனும் வேறு வகை எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. இரத்தத்திலிருந்து இது நுரையீரலுக்கு ஓரளவு நன்றாகவே கசிந்து போய்ச் சேரும். மூக்கிற்குக் குறைவாகவே எட்டும். சுருங்கச் சொன்னால், வீட்டு அறைக்குள் காவல் பலம், வெளிவாசலில் காவல் குறைவு. அதனால்தான் ஊசி போட்டவருக்கும் மூக்கொழுகலும் காய்ச்சலும் வரலாம். ஆனால் கிருமி நுரையீரலில் இறங்கி நிமோனியாவாகி, மருத்துவமனைக் கட்டில் வரை போகும் ஆபத்து குறைகிறது. ஊசியின் பெரிய பயன் இதுதான்.

வாசலிலேயே காவல் வைக்க மூக்கில் தெளிக்கும் தடுப்பு மருந்தும் உண்டு. அமெரிக்கா 2003-இல் இதை அங்கீகரித்தது. பிரிட்டன் 2013 முதல் பிள்ளைகளுக்குக் கொடுத்து வருகிறது. இந்தியாவில் பூனே சீரம் நிறுவனம் 2010-இல் எச்1என்1 கிருமிக்கு இப்படி ஒரு மருந்தை வெளியிட்டது. வலுவிழந்த உயிர்க்கிருமி மூக்கில் சிறிது பெருகினால்தான் இம்மருந்து வேலை செய்யும். பல முறை சளிக்காய்ச்சல் கண்ட பெரியவர்களிடம் பழைய எதிர்ப்புச் சக்தி அதைத் தடுத்துவிடும். ஆகவே பிள்ளைகளுக்கு இது நன்கு பலன் தரும். முதியவர்களுக்குக் கை ஊசியே ஏற்றது.

இது நம் சமூகத்துக்கு ஏன் முக்கியம்? மலேசியாவில் நீரிழிவு இந்தியர்களிடையே அதிகம். நீரிழிவு, இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களைச் சளிக்காய்ச்சல் எளிதில் படுக்க வைத்துவிடும். நம் வீடுகள் பலவற்றில் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றனர். பள்ளி வேனில் ஏறும் கிருமி அன்று மாலையே பாட்டியின் மடியில் இறங்கிவிடும்.

இரண்டு காரியங்கள் நம் கையில் உள்ளன. முதலாவது, 60 வயதைக் கடந்து நாட்பட்ட நோயும் உள்ளவர்களுக்கு இந்த ஊசியை இலவசமாகப் போடும் திட்டத்தை அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகள் நடத்தியுள்ளன. மெய்செஜாத்ரா செயலியில் முன்பதிவு செய்யத் தெரியாத பெற்றோருக்குப் பிள்ளைகள் உதவலாம். கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும்.

இரண்டாவது, ஊசி போட்டவரின் மூக்கிலும் கிருமி இருக்கலாம், அவரிடமிருந்து பிறருக்குப் பரவலாம். இருமல் இருந்தால் முகக்கவரி அணிவோம். காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பள்ளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் அனுப்பாமல் வீட்டில் வைத்திருப்போம். ஊசியால் எட்ட முடியாத வாசலை நாம்தான் காக்க வேண்டும்.