புல்லட்டின் பழைய சத்தம் எங்கே?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பூந்தமல்லி தாண்டிப் பெங்களூர் சாலையோரம் நின்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பத்துப் பதினைந்து மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போகும். பெரும்பாலும் புல்லட். தலை தெரிவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும். அந்தச் சத்தத்தை வைத்தே, "இது பழசு, இது புதுசு" என்று டீக்கடைக்காரர் பிரித்துச் சொல்லிவிடுவார்.

வண்டிகளை நிறுத்தி டீ வாங்கியதும் ஒரு சண்டை ஆரம்பமாகும். கைச்சண்டை அல்ல, வாய்ச்சண்டைதான்.

"இப்போது வருவதெல்லாம் புல்லட்டா, தம்பி? பெயர்தான் புல்லட்!" என்பார் நரைத்த மீசைக்காரர்.

"போங்கண்ணே! நீங்கள் உதைத்து உதைத்து வண்டியைக் கிளப்புவதற்குள் நாங்கள் காஞ்சிபுரமே போய்விடுவோம்" என்பார் இளைஞர்.

இந்த வழக்கு இன்று நேற்று வந்ததல்ல. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. இன்னும் தீர்ப்பு ஆகவில்லை!

புல்லட் பிறந்தது இங்கிலாந்தில், ரெட்டிச் என்னும் ஊரில். எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டி என்று இந்திய இராணுவம் அதை விரும்பி வாங்கியது. அதன் பயனாக 1955-ஆம் ஆண்டில் சென்னையில் 'என்பீல்டு இந்தியா' கம்பெனி தோன்றியது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் செய்தது. மகாசபையின் பேச்சு ஓய்ந்துவிட்டது. அதே ஆண்டில் வந்த மோட்டார் சைக்கிள் கம்பெனியின் பேச்சு இன்னும் ஓயவில்லை. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். பிறகு திருவொற்றியூரிலேயே எல்லாம் செய்தார்கள். 1970-ஐ ஒட்டி இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்டுவிட்டது. தாய் போன பின்னும் பிள்ளை பிழைத்துக்கொண்டது.

அந்தப் பழைய வண்டியைக் கிளப்புவது லேசான காரியமா? முதலில் பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டும். சாவியைப் போட்டுவிட்டு, அம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல அமுக்க வேண்டும். முள் நடுவுக்கு வந்து நிற்கும். அப்போது டிகம்ப்ரஷர் என்ற சிறு நெம்புகோலை விரலால் இழுத்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். பிறகு விரலை விட்டு, ஒரே உதை! கணக்குச் சரியாக இருந்தால் வண்டி கிளம்பும். தவறினால் கிக்கர் திருப்பி உதைக்கும். கணுக்கால் வீங்கி இரண்டு நாள் நொண்டியவர்கள் அம்பத்தூரிலும் உண்டு, ஆவடியிலும் உண்டு.

இன்னொரு விசேஷம் கியர். மற்ற மோட்டார் சைக்கிள்களில் இடது காலால் கியர் போட்டு, வலது காலால் பிரேக் பிடிப்பார்கள். பழைய புல்லட்டில் இதற்கு நேர் எதிர். கியர் வலப்புறம், பிரேக் இடப்புறம். நியூட்ரலுக்கு வருவதற்கென்றே தனியாக ஒரு மிதி வேறு. எண்ணெய்க் கசிவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். "கீழே எண்ணெய் சொட்டவில்லை என்றால் உள்ளே எண்ணெய் இல்லை என்று பொருள்" என்று சொந்தக்காரர்களே சிரித்துக்கொள்வார்கள்.

இத்தனை தொல்லை கொடுத்த வண்டியின் மேல் இவ்வளவு பாசம் ஏன்? தொல்லை கொடுத்ததால்தான்! குடும்பத் தலைவர் ஒருவருக்குத்தான் அதைக் கிளப்பும் சூட்சுமம் தெரியும். மகனுக்குப் பதினெட்டு வயது ஆனதும் அதைச் சொல்லிக் கொடுப்பார். அது ஒரு சடங்கு மாதிரி.

2008-ஆம் ஆண்டு தொடங்கி 2010-க்குள் கம்பெனி இஞ்சினை அடியோடு மாற்றியது. முன்பு இஞ்சின் தனி, கியர் பெட்டி தனி. புதிய வண்டியில் இரண்டும் ஒரே கூட்டுக்குள் வந்தன. வார்ப்பிரும்பு போய் அலுமினியம் வந்தது. கியர் இடப்புறம் வந்தது. பொத்தானை அமுக்கினால் வண்டி கிளம்பிற்று. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபோது வார்ப்பிரும்பு இஞ்சினை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது என்பதும் இதற்கு ஒரு காரணம்.

பழைய சொந்தக்காரர்கள் கொதித்துப் போனார்கள். "இடது பக்கம் கியர் இருந்தால் அது புல்லட்டே இல்லை" என்றார்கள் சிலர். "சத்தம் செத்துவிட்டது" என்றார்கள் பலர். கடைசி வார்ப்பிரும்பு வண்டிகளைத் தேடி அலைந்தவர்களும் உண்டு. அதன் பிறகு 2020-இல் இன்னொரு புதிய இஞ்சின் வந்தது. அதிர்வை அடக்குவதற்கு உள்ளேயே ஒரு தண்டு வைத்தார்கள். 2021-இல் கிளாசிக் வண்டிக்கும், 2023-இல் புல்லட்டுக்கும் அந்த இஞ்சின் வந்தது. இந்தத் தடவை கிக்கரையே எடுத்துவிட்டார்கள்!

இந்த மாதிரி மனத்தாங்கல் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. ஜெர்மனியில் போர்ஷே 911 என்று பந்தயக் கார் போன்ற ஒரு கார் உண்டு. 1960-களிலிருந்து அதன் இஞ்சின் காற்றினாலேயே குளிர்ந்து வந்தது. 1990-களின் கடைசியில் அதைத் தண்ணீரால் குளிரும் இஞ்சினாக மாற்றினார்கள். வட்டமாக இருந்த முன்விளக்கையும் மாற்றினார்கள். கோடீசுவரர்களான சொந்தக்காரர்கள், "இது விளக்கா, பொரித்த முட்டையா?" என்று கேலி செய்தார்கள். அடுத்த மாடலில் வட்ட விளக்கு திரும்பி வந்தது. ஆனால் தண்ணீர் இஞ்சின் போகவில்லை. முகத்தில் செய்த மாறுதலைத் திருப்பிக்கொள்ளலாம். உள்ளே செய்ததைத் திருப்புவது கடினம் என்று கம்பெனிக்குத் தெரியும்.

சரி, புல்லட்காரர்களின் குறை நியாயமா? கியர் விஷயத்தில் நியாயம் இல்லை. ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒரு புல்லட், மகனுக்கு வேறு ஒரு வண்டி. அவசரத்துக்கு மகன் அப்பாவின் வண்டியை எடுக்கிறான். திருமுல்லைவாயில் அருகே ஒரு மாடு குறுக்கே வருகிறது. பழக்கத்தில் வலது காலை அமுக்குகிறான். அங்கே பிரேக் இல்லை, கியர் இருக்கிறது! பெருமை பேசுவதற்காக இந்த ஆபத்தை வைத்திருக்க வேண்டுமா? 1970-களிலேயே அமெரிக்கா, மோட்டார் சைக்கிள் கியர் இடப்புறம்தான் இருக்க வேண்டும் என்று விதி செய்துவிட்டது. நம் நாட்டிலும் 2019 முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் பிரேக் கட்டாயமாகிவிட்டது. மழைக்காலத்தில் ஆவடி சாலையில் போகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சத்தத்தைப் பற்றிய குறையை மனக்குறை என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அதற்குச் சிலர் செய்துகொள்ளும் பரிகாரம் இருக்கிறதே, அதுதான் அக்கிரமம். புது வண்டியை வாங்கிய மறுநாளே கம்பெனி சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் குழாய் போன்ற ஒன்றை மாட்டுகிறார்கள். அது பழைய சத்தமா? பழைய புல்லட் நிதானமாக, இடைவெளி விட்டு, நாடி துடிப்பது போல ஒலிக்கும். இதுவோ வெடி வெடிக்கிறது! இரவு பதினோரு மணிக்கு அம்பத்தூர்த் தெருவில் தொட்டில் குழந்தை அலறி எழுந்தால் யார் பதில் சொல்வது? வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. இரைச்சல் விதியை மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. சட்டம் இருக்கட்டும். பழைய புல்லட்டின் மேல் பாசம் உள்ளவரே இந்த வெடிச்சத்தத்தைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்.

உண்மையான குறை வேறொன்று இருக்கிறது. அதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. பழைய வண்டி நடுவழியில் நின்றால், சொந்தக்காரரே ஒரு ஸ்பானரும் உப்புத்தாளும் வைத்துச் சரிசெய்துவிடுவார். அவரால் முடியாவிட்டால் சாலையோர மெக்கானிக் இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்டே, "டேப்பெட் தட்டுது சார்" என்பார். இப்போதைய வண்டியில் பெட்ரோலைப் பாய்ச்சுவதே மின்னணுக் கருவி. கோளாறைக் கண்டுபிடிக்க இன்னொரு கருவி வேண்டும். முப்பது வருடம் காதை வைத்துப் பிழைத்த மனிதர் அந்தக் கருவிக்கு எங்கே போவார்? அவருடைய காதுக்கு மதிப்புப் போய்விட்டதே!

புதிய வண்டியைப் பழுதுபார்க்கும் வேலையை இந்த மாதிரி சிறிய மெக்கானிக்குகளுக்கும் கற்றுக் கொடுக்க வேண்டும். கருவியும் அவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும். பழைய வண்டிகளுக்கான பிஸ்டனும் கேபிளும் தட்டுப்பாடில்லாமல் வர வேண்டும். கிக்கர் போனதற்காக வருந்தும் நேரத்தில் சொந்தக்காரர்கள் இவற்றைக் கம்பெனிகளிடம் கேட்டால் என்ன? அம்பத்தூர் எஸ்டேட்டில் வரைபடம் கொடுத்தால் எந்தப் பாகத்தையும் கடைந்து கொடுக்கும் லேத்துகள் இருக்கின்றன. கேட்பவர்கள்தான் இல்லை.