சைகோனுக்கும் நமக்கும் இடையே

இந்திய–வியட்நாம் நட்புறவு குறித்துப் பேச்சு எழும்போதெல்லாம் பழைய சம்பா நாடு மேடைக்கு வந்துவிடுகிறது. மி சன் கோயில்களை இந்தியத் தொல்லியல் துறை சீரமைத்ததும், 2020இல் அங்கே ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒற்றைக்கல் சிவலிங்கம் வெளிப்பட்டதும் பெரும் செய்திகளாயின. மகிழ்ச்சிதான். ஆனால் புதுச்சேரியில் இருந்துகொண்டு அச்செய்தியை வாசிக்கும் நமக்கு ஒரு கேள்வி மிஞ்சுகிறது: ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்லை நினைவில் வைத்திருக்கும் நாம், நூறு ஆண்டுக்கு முந்தைய மனிதர்களை ஏன் மறந்தோம்?

1881ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணை ஒன்று, சாதி வழக்கும் மத வழக்கும் சார்ந்த சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க நம்மூராருக்கு வழிசெய்தது. துறந்தவர்கள் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். அவர்களுள் பலர் கொச்சின் சீனாவுக்குக் கப்பலேறி வரி, சுங்கம், காவல் துறைகளில் அலுவலர்களாயினர். செட்டிநாட்டிலிருந்து சென்றவர்கள் அங்கே வட்டிக்கடை வைத்தனர்; தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தனர். 1954 மே மாதம் தியன் பியன் பூ வீழ்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 1இல் புதுச்சேரி இந்தியாவின் நிர்வாகத்துக்குள் வந்தது. ஒரே பேரரசு ஆறு மாத இடைவெளியில் இரண்டு கரைகளிலும் பின்வாங்கியது. வியட்நாமிய மனைவியரோடும் பிள்ளைகளோடும் ஊர் திரும்பிய குடும்பங்களின் அடையாளமாக, 'சாயோ' என்னும் பொரித்த சுருள் இன்றும் நம் நகரத்து அடுக்களைகளில் எஞ்சியிருக்கிறது.

இந்த வரலாறு முழுவதும் இனிப்பானதன்று. வியட்நாமிய உழவனின் கண்ணில் நம்மவர் அந்நிய ஆட்சியின் கையாள், அல்லது கடன்காரன். 1930களின் பெருமந்தத்தில் கடனுக்கு ஈடாக நிலங்கள் கைமாறியபோது அந்தக் கசப்பு முற்றியது. மேடைப் பேச்சுகள் சம்பாவோடு நின்றுவிடுவதற்கு இதுவும் காரணமோ என்று ஐயுறுகிறோம். தொன்மையைப் பாடுவது எளிது. அதில் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 'விரிந்த பாரதம்' என்று 1920களில் கல்கத்தா அறிஞர்கள் பேசிய பெருமிதமும் இத்தகையதே. அதில் கொடுத்தவர் நாம், பெற்றவர் அவர்கள். அண்டை வீட்டாரிடம் அப்படிப் பேசினால் உறவு நீடிக்குமா?

சைகோனின் மாரியம்மன் கோயிலில் இன்று வந்து வணங்குவோரில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீனருமே. தமிழர் போன பின்னும் அம்மனை அவர்கள் விடவில்லை. எந்த ஒப்பந்தமும் கேட்டுப் பெறாத உறவு அது. அதற்கு ஈடாக நம் பக்கத்தில் என்ன செய்தோம்?

செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. சைகோனைக் கண்ணால் கண்ட தலைமுறை அருகிவருகிறது. அவர்களுடைய நினைவுகளைத் தமிழிலும் வியட்நாமியத்திலும் பிரெஞ்சிலும் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனமும், ஒருகாலத்தில் ஹனோயைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தூரக்கிழக்குப் பிரெஞ்சு ஆய்வுப்பள்ளியின் மையமும் இவ்வூரிலேயே உள்ளன. சுவடிகளுக்குக் காட்டிய அக்கறையை இக்குடும்பங்களின் கடிதங்களுக்கும் காட்டலாம். வியட்நாமிய இலக்கியம் பெரும்பாலும் ஆங்கிலத்தின் தோளேறியே நம்மிடம் வருகிறது. நேரடியாக மொழிபெயர்க்க வல்ல இருவரையேனும் இந்நகரம் உருவாக்க வேண்டும்.

புலம்பெயர்ந்தோரின் தென்கிழக்காசிய வாழ்வை ப. சிங்காரம் எழுதியதால்தான் மெடானும் பினாங்கும் நமக்கு ஊர்களாயின. சைகோன் இன்னும் பலருக்கு வரைபடத்தில் ஒரு புள்ளியாகவே இருக்கிறது. தூதரகங்கள் தம் வேலையைச் செய்யட்டும். அந்தப் புள்ளியை ஊராக்கும் வேலை எழுதுவோருடையது, வாசிப்போருடையது. நினைவுள்ளோர் இருக்கும்போதே அதைத் தொடங்குவோம்.